ஏரிக்குள் வந்தது, ஏரியை விட்டுப் போனது: கேள்வி பதில்

இந்த வாரம் பதில் சொல்வது என் முறை. காட்டிலும் வயலிலும் ஏரியிலும் ஆற்றலும் சத்தும் எப்படி நகர்கின்றன என்று கேட்கச் சொல்லியிருந்தேன். முப்பது வருடமாக ஏரி மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கிறவன் நான். அதனால் ஏரிக் கேள்விகளுக்கு நீளமாகவே எழுதுவேன்.

கேள்வி (திண்டிவனம்): ஆற்றலும் சத்தும் ஒன்றுதானே? இரண்டுமே சாப்பாட்டில்தானே இருக்கின்றன?

ஒரே வாய்க்குள்தான் போகின்றன, ஆனால் போகும் வழி வேறு. நெல்லில் இருக்கும் ஆற்றல் வெயில் கொடுத்தது. எலி அந்த நெல்லைத் தின்று ஓடியாடும்போது அது உடம்புச் சூடாக வெளியேறிவிடும். அந்தச் சூட்டைப் பிடித்து மறுபடி நெல்லாக்க எந்தச் செடியாலும் முடியாது. தினமும் வெயில் வேண்டியிருப்பது இதனால்தான்.

அதே நெல்லில் இருந்த மணிச்சத்து (பாஸ்பரஸ்) எலியின் எலும்பில் போய்ச் சேரும். எலியை ஆந்தை விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். ஆந்தை அடையும் மரத்தடியில் அந்த உருண்டை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, ஈர்க்குச்சியால் பிரித்துப் பாருங்கள். பல்லோடு எலியின் மண்டையோடு வரும். எடுக்காமல் விட்டால் அது அங்கேயே மக்கி வேருக்குத் திரும்பும். சத்து சுற்றி வரும், ஆற்றல் வராது.

கேள்வி (கோவை): செடி, அதைத் தின்னும் பிராணி, அதையும் தின்னும் பிராணி என்று போகும் உணவுச் சங்கிலியில், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆற்றலில் 10 சதவீதம்தான் போகும் என்கிறார்களே, சரியான கணக்கா?

சட்டம் இல்லை, தோராயம். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் சீடர் பாக் என்ற சின்ன ஏரியை வைத்து, எந்தப் படியில் எவ்வளவு ஆற்றல் தங்குகிறது என்று கணக்குப் போட்டவர் ரேமண்ட் லிண்டமன். அவருடைய கட்டுரை 1942-இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 27 வயதில் இறந்துவிட்டார். அந்த வயதில் அந்த வேலையா என்று இன்றும் எனக்கு மலைப்புத்தான். இடத்தையும் உயிரினத்தையும் பொறுத்து 5 சதவீதமும் இருக்கும், 20-ம் இருக்கும்.

கேள்வி (சேலம்): காட்டில் மான் அத்தனை இருக்க, புலி மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

மேலே கோவை நண்பருக்குச் சொன்னதுதான் காரணம். புல்லின் ஆற்றலில் கொஞ்சம்தான் மானுக்குப் போகும், மானுடையதில் கொஞ்சம்தான் புலிக்குப் போகும்.

கேள்வி (மதுராந்தகம்): வேடந்தாங்கல் ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்கு உரம் குறைவாகப் போதும் என்பார் எங்கள் தாத்தா. உண்மையா?

உங்கள் தாத்தா மட்டுமல்ல, அந்த ஊரே பல தலைமுறையாகச் சொல்வது அது. பறவைகளைச் சுட வந்தவர்களை ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க ஊர்க்காரர்களுக்கு உள்ள உரிமையை எழுத்திலேயே கொடுத்தார். விஷயம் இதுதான்: பறவை எச்சத்தில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் நிறைய. நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு. எச்சம் நேராகத் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர்தான் மதகு வழியாக வயலுக்குப் போகிறது.

அவரே மறுபடி: பறவை அதே ஏரி மீனைத்தானே தின்கிறது? ஏரிக்குள் இருந்தது ஏரிக்குள்ளேயே விழுகிறது. புதிதாக என்ன வந்தது?

நல்ல கேள்வி. சத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

ஏரி சுமார் 30 ஹெக்டேர். நல்ல மழை வருடத்தில் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து அடைகின்றன. அத்தனை வாய்க்கும் குஞ்சுக்கும் அந்த ஒரு ஏரி எப்படிப் போதும்? அவை சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்துபோய் இரை எடுக்கின்றன. நத்தைக்குத்தி நாரையைக் கவனியுங்கள். நெல்வயல் நத்தையைக் கொத்தித் தின்றுவிட்டு, கூட்டுக்கு வந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. பல ஊர் வயல்களில் சிதறிக் கிடந்த சத்து ஒரே ஏரிக்கு வந்து சேர்கிறது. இந்த ஏரி மீனைத் தின்று இங்கேயே போட்ட எச்சம் மட்டும் வரவு இல்லை. அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

கேள்வி (ஈரோடு): அப்படியானால் சத்து கூடக்கூட நல்லது என்கிறீர்களா? எங்கள் ஊர் ஏரியில் சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அதுவும் சத்துதானே?

சத்துதான். அதனால்தான் கெடுகிறது. என் சித்தப்பா மகன் மீன்குளத்தில் கோழி எருவை அளவில்லாமல் கொட்டினான். பத்து நாளில் தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி ஆனது. ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்கு ஃபோன். டார்ச் அடித்துப் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பகலில் பாசி ஆக்சிஜன் தருகிறது. ராத்திரி அதுவும் மூச்சு விடும், செத்த பாசியை மக்கவைக்கும் பாக்டீரியாவும் மூச்சு விடும். விடிவதற்குள் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். நாங்கள் மோட்டார் போட்டுத் தண்ணீரை வாரியிறைத்தும் பாதி மீன் போய்விட்டது.

வேடந்தாங்கலில் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது, கோடையில் ஏரி வற்றுகிறது. வந்த சத்துக்கு வெளியே போக வழி இருக்கிறது. உங்கள் ஏரியில் வரவு மட்டும்தான் இருக்கிறது. ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே போடாதீர்கள். மழையில் அதன் சத்து மறுபடி ஏரிக்குள்தான் இறங்கும். தூரமாகக் கொண்டுபோய் மக்கவையுங்கள். முதலில் ஏரிக்குள் சாக்கடை வருவது நிற்க வேண்டும்.

மதுராந்தகம் நண்பர்: அப்போது வண்டலை எடுப்பதும் செலவுக் கணக்கா?

ஆமாம்! தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். மணிச்சத்துக்குக் காற்று வழி கிடையாது. அது சேற்றில் தங்கும். அந்தக் காலத்தில் கோடையில் வண்டி கட்டி வண்டல் எடுத்து வயலில் போட்டது அதைத் திருப்பிக் கொண்டுவரத்தான். மேல்வண்டலோடு நிறுத்த வேண்டும். அடிக்களிமண்ணைத் தோண்டினால் ஏரியில் தண்ணீர் தங்காது.

கேள்வி (நாமக்கல்): தோப்புச் சருகைக் கொளுத்தினால் சாம்பல் உரம்தானே?

கொளுத்தாதீர்கள். சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) மணிச்சத்தும் ஓரளவு மிஞ்சும். தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் புகையாகப் போய்விடும். மக்கி மண்ணோடு சேர வேண்டியதும் போய்விடும்.

கேள்வி (மதுரை): 10 சதவீத விதி எல்லா இடத்துக்கும் பொருந்துமா?

இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): கடலில் சில இடங்களில் மிதவைப் பாசியின் எடை அதைத் தின்னும் உயிர்களின் எடையைவிடக் குறைவாம். எப்படி?

பாசி ஓரிரு நாளில் இரட்டிப்பாகிறது, உடனே தின்னப்படுகிறது. டீக்கடைப் பால் சட்டி மாதிரி. எந்த நேரம் பார்த்தாலும் சட்டியில் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் நாள் முழுக்க ஓடும் பால் அதிகம். எடையை வைத்துப் பார்க்காமல் ஓட்டத்தை வைத்துப் பாருங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): வேலியோரச் சருகையாவது கொளுத்தலாமா?

வேலியோரமும் வேண்டாம். தென்னையடி மண்ணை மூடும்படி மூடாக்காகப் போடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): யூரியா எந்த அளவில் போடலாம்?

என் துறை இல்லை. மண் பரிசோதனை அட்டையோடு வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

மதுராந்தகம் நண்பர், கடைசியாக: தாத்தா சொன்னதை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஆறு தொட்டியில் கழுவிய ஆற்று மணல், ஒரே விதைநெல். மூன்றுக்கு வேடந்தாங்கல் மதகுத் தண்ணீர், மூன்றுக்குப் பறவை அடையாத பக்கத்து ஏரித் தண்ணீர். இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள், ஒரே அளவு ஊற்றுங்கள். 30 நாள் கழித்து வேரோடு பிடுங்கிக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். குஞ்சுகள் நிறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் செய்யுங்கள். எடையை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.