அன்கன்ஃபர்ம்டுன்னு கெடக்குற பக் – கடிதம்

வணக்கம் சார்,

நான் புரோகிராமர் இல்ல, கணக்கு எழுதுற ஆளு. ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ஒண்ணை வருஷக்கணக்கா யூஸ் பண்றேன். அதுல ஒரு பக், அதாவது சாஃப்ட்வேர்லயே ஒரு தப்பு, மாட்டுச்சு, சரி நம்மால முடிஞ்சதுன்னு அக்கவுன்ட்லாம் கிரியேட் பண்ணி ரிப்போர்ட் போட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல 'அன்கன்ஃபர்ம்டு'ன்னே கெடந்துச்சு, ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. போன வாரம் திடீர்னு ஒரு மெயில், ரொம்ப நாளா அசைவே இல்லாததால க்ளோஸ் பண்றோம்னு. அப்போ நான் சொன்னது பொய்யா? டெவலப்பருக்கு நேரா மெயில் போட்டா தப்பா?

– கே.

அன்புள்ள கே.,

உங்க கோவம் நியாயமானதுதான். முதல்லயே இத சொல்லிடறேன், ஏன்னா இந்த மாதிரி கேட்டா வழக்கமா வர்ற பதில் "அவங்கல்லாம் வாலன்டியருங்க, சம்பளம் வாங்காம பாக்குறாங்க, பொறுத்துக்கங்க"ங்கறதுதான். அது பாதி உண்மை.

உங்களத் தவிர வேற யாரும் இன்னும் அத பாக்கல, 'அன்கன்ஃபர்ம்டு'ங்கற ஸ்டேட்டஸுக்கு அவ்ளோதான் அர்த்தம், பொய்யா உண்மையாங்கறதுக்கே இன்னும் யாரும் போகல. பக் ரிப்போர்ட்டையெல்லாம் சேத்து வைக்கற பக்ஸில்லா மாதிரி சிஸ்டத்துல இப்படி ஒரு படி வச்சிருக்கறதே டெவலப்பரோட நேரத்தை காப்பாத்தத்தான், கன்ஃபர்ம் ஆனத மட்டும் ஃபில்டர் பண்ணி அவங்க பாத்துட்டு போயிடுவாங்க. லிப்ரேஆபீஸ்ங்கற இலவச ஆபீஸ் சாஃப்ட்வேர்ல ரிப்போர்ட் போட்டவரே தன்னோட பக்கை கன்ஃபர்ம் பண்ணக்கூடாதுன்னு வழக்கமே இருக்கு, ரெண்டாவது ஆள் ஒருத்தர் தன் மெஷின்ல செஞ்சு பாத்து அதே தப்பு வந்தாத்தான் அடுத்த படி.

பிரச்சனையே அந்த ரெண்டாவது ஆள்தான். கோட் எழுத வர்றவங்க இருக்காங்க, பேர் கிடைக்கும். இன்னொருத்தர் போட்ட "க்ராஷ் ஆகுது"ங்கற ஒத்தவரிய வச்சுக்கிட்டு உக்காந்து நோண்டுறதுக்கு யாரு வருவாங்க? நானும் கொஞ்ச காலம் இந்த வேலை பாத்தவன். ஒருத்தர் ஸ்ப்ரெட்ஷீட்ல ஃபில்டர் போட்டா க்ராஷ் ஆகுதுன்னு எழுதியிருந்தார். நான் போட்டேன், ஒண்ணும் ஆகல. இந்த எடத்துல "எனக்கு வேலை செய்யுதே"ன்னு க்ளோஸ் பண்ணிட்டு போறது ரொம்ப ஈசி, நெறைய பேரு அதத்தான் செய்றாங்க. நான் வெர்ஷன் கேட்டேன், ஓஎஸ் கேட்டேன், செட்டிங்ஸ் இல்லாத புது ப்ரொஃபைல்ல பாக்கச் சொன்னேன், அவர் பொறுமையா எல்லாத்துக்கும் பதில் போட்டார், கடைசில பாத்தா அவரோட லொகேல்ல, அதாவது நாடு-மொழி செட்டிங்ல, தசமப் புள்ளிக்கு பதிலா கமா. நானும் அப்படி மாத்திட்டு ஃபில்டர் போட்டேன், உடனே க்ராஷ். மொத்தத்துல ஒரு சாயங்காலம் போச்சு, அதுல ஒரு வரி கோட் கூட இல்ல.

இன்னொருத்தர் மெஷின்ல வந்துடுச்சுன்னா அப்புறம் வேகம்தான். கோட்ல செஞ்ச மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கற கிட்ல (Git) பைசெக்ட்னு ஒண்ணு இருக்கு, நடுவுல இருக்கற கமிட்டை, அதாவது பதிஞ்ச ஒரு மாத்தத்தை, எடுத்து ஓட்டிப் பாத்து பாதிய கழிச்சிட்டே போறது, 1000 கமிட் இருந்தாலும் சுமாரா 10 தடவைல எந்த மாத்தம் கெடுத்துச்சுன்னு தெரிஞ்சிரும். லிப்ரேஆபீஸ்ல இதுக்குன்னே பழைய வெர்ஷனையெல்லாம் ஓட்டிப் பாக்கறாப்ல முன்கூட்டியே பில்ட் பண்ணி வச்சிருக்காங்க, கம்பைல் பண்ணத் தெரியாதவங்க கூட செய்யலாம்.

இப்ப உங்க மேட்டருக்கு வர்றேன். க்ளோஸ் பண்றதுல ரெண்டு வகை இருக்கு, ப்ராஜெக்ட் ஆளுங்களே இத போட்டு குழப்பிக்கறாங்க. ட்ரையாஜ் பண்றவர், அதாவது வந்த ரிப்போர்ட்டை சோதிச்சுப் பிரிக்கறவர், "சாம்பிள் ஃபைல் குடுங்க"ன்னு கேட்டாச்சு, ரிப்போர்ட் போட்டவர் ஆளையே காணோம், அப்போ கெடு வச்சு மூடுறது நியாயம். உபுண்டு ஆளுங்க பக் போடுற லாஞ்ச்பேட்ல, விவரம் பத்தலன்னு இன்கம்ப்ளீட்ல வச்சத 60 நாள்ல எக்ஸ்பையர் பண்ணும், லிப்ரேஆபீஸ்ல 6 மாசம் கழிச்சு ஞாபகப்படுத்தி இன்னும் ஒரு மாசம் பாத்துட்டு மூடுவாங்க. ஆனா யாருமே எதுவுமே கேக்காத ரிப்போர்ட்டை வயசாயிடுச்சுன்னு பாட்டை, அதாவது தானா ஓடுற புரோகிராமை, விட்டு மூடுறது வேற கதை, அங்க பதில் சொல்லாதது ரிப்போர்ட் போட்டவர் இல்ல. தங்கள் பக்கத்து தாமதத்தை உங்க தலைல கட்டிட்டாங்க. இது புது வழக்கமும் இல்ல, ஃபயர்பாக்ஸ் பண்ற மொசில்லாவுல ஆரம்ப காலத்துல இருந்த ஜேமி ஜவின்ஸ்கி 2003-லயே க்னோம்ங்கற லினக்ஸ் டெஸ்க்டாப் ப்ராஜெக்ட்ல பழைய பக்கையெல்லாம் மொத்தமா மூடினதுக்கு செமத்தியா திட்டி எழுதியிருக்கார்.

அவங்க பக்க நியாயமும் இருக்கு, பாதி கோட் மாத்தி எழுதினதுக்கப்புறம் பழைய ரிப்போர்ட்ல நெறைய தானாவே செத்துப் போயிருக்கும், அத ஒவ்வொண்ணா யாரு ஓட்டிப் பாக்கறது. அதுக்கு "புது வெர்ஷன்ல இன்னும் வருதா"ன்னு கேட்டா போதும், மூடாமலே கேக்கலாம்.

டெவலப்பருக்கு நேரா மெயில் போடாதீங்க, அது அவர் இன்பாக்ஸ்லயே செத்துடும், வேற யாரும் பாக்க வழியே இல்ல. பக் செக்யூரிட்டி சம்பந்தப்பட்டதா இருந்தா மட்டும் வெளிப்படையா போடாம அவங்க குடுத்திருக்கற தனி அட்ரஸுக்கு அனுப்பணும்.

புது வெர்ஷன்ல ஒரு தடவை செஞ்சு பாருங்க. வந்துச்சுன்னா அதே ரிப்போர்ட்ல வெர்ஷன் விவரத்தோட எழுதி ரீஓப்பன் கேளுங்க, புதுசா இன்னொண்ணு போடாதீங்க, டூப்ளிகேட்னு போயிரும். கணக்கு ஃபைல்னா பேரு, தொகையெல்லாம் மாத்திட்டு எவ்ளோ சின்னதாக்க முடியுமோ அவ்ளோ சின்னதாக்கி சேருங்க, மாத்தினதுக்கப்புறமும் பக் வருதான்னு மறக்காம பாத்துக்கங்க, சில நேரம் அந்த டேட்டாவோடயே பக்கும் போயிரும். கூட வேலை பாக்குறவங்க யாருக்காவது அதே மாதிரி வந்தா அவங்களையும் ஒரு கமென்ட் போடச் சொல்லுங்க, லாஞ்ச்பேட் மாதிரி எடத்துல இன்னொருத்தர் "எனக்கும்"னு அமுக்கினாலே கன்ஃபர்ம்டு ஆயிடும்.

லிங்கை எனக்கும் அனுப்பி வைங்க, நேரம் கிடைக்கறப்ப என் மெஷின்ல ஓட்டிப் பாத்துட்டு அங்கயே எழுதறேன்.