சுற்றுலா சரிந்திருக்கும் நாட்டில் ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் பாதி விலைக்குக் கிடைக்குமா? அப்போது பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். சுற்றுலா படுத்துவிட்ட காலத்திலும் பெரிய ஓட்டல்கள் பெரும்பாலும் வெளியே காட்டும் அறைக் கட்டணத்தை ஓரளவுக்குமேல் இறக்குவதில்லை. ஆனால் அந்தக் கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும் என்பதில் மிகவும் தாராளமாகிவிடுகின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவருக்கு அது நல்ல காலம். புரிந்துகொள்ளாமல் இணையத்தில் மிகக் குறைந்த விலையை மட்டும் தேடிப் பதிவு செய்தவர் என்னைப்போல் தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரும். இப்படிப்பட்ட காலங்களில் நான் இரண்டு முறை குடும்பத்துடன் இலங்கைக்குப் போயிருக்கிறேன். எனவே அந்த நாட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

2018இல் இலங்கைக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் ஞாயிறில், தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று சொகுசு ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்து வந்த மே மாத வருகை, முந்தைய ஆண்டின் மே மாதத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 70 சதவீதம் விழுந்தது. கொரோனாவுக்குப் பிறகு மெல்ல எழுந்தபோது 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாத வருகை, செப்டம்பரில் முப்பதாயிரத்துக்கும் கீழே போயிற்று. நான் போனவை 2019 ஜூலையிலும் அந்த 2022 செப்டம்பரிலும்.

அறைகள் காலியாக இருந்தால் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். காய்கறிக் கடையில் அது நடக்கும். அங்கே மாலைக்குள் விற்காத கீரை வாடிவிடும். ஓட்டலிலும் இன்றிரவு விற்காத அறை இன்றோடு போயிற்று என்பது உண்மையே. ஆனால் 200 டாலர் அறையை 90 டாலருக்கு ஊரறிய விற்றுவிட்டால், அடுத்த ஆண்டு கூட்டம் திரும்பும்போது அதே அறைக்கு 200 டாலர் கேட்பது கடினம். போன வருடம் தொண்ணூறுதானே என்று வாடிக்கையாளரும் கேட்பார், மொத்தமாக அறைகளை ஒப்பந்தம் பேசும் பயண முகவரும் கேட்பார். நிறுவனங்களுக்கென்று பேசி வைத்திருக்கும் அறைக் கட்டணம் பல ஓட்டல்களில் வெளிக்கட்டணத்திலிருந்து இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று கட்டப்பட்டிருப்பதால், வெளிக்கட்டணம் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம், வங்கிக் கடன், பராமரிப்பு என்று செலவின் பெரும்பகுதி நின்றபடியே இருக்கும். 2022இல் இவற்றோடு மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலும் சேர்ந்துகொண்டது. போட்டியில் ஒருவரையொருவர் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக அரசே தலையிடுவதும் உண்டு: கொழும்பு நகரின் ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு 100 டாலர், நான்கு நட்சத்திரத்துக்கு 75 டாலர் என்று 2023 அக்டோபரில் குறைந்தபட்சக் கட்டணம் விதித்தார்கள். இந்த விதியைப் போடுவதும் எடுப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 மார்ச்சில் தொடங்கி இலங்கை ரூபாய் சரிந்தபோது, நம்முடைய ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ இரண்டே முக்காலாக இருந்தது நான்கரை வரை போயிற்று. 'அப்படியானால் ஓட்டலும் மலிவாகியிருக்கும்' என்று என் மைத்துனர் கணக்குப் போட்டார். பெரிய ஓட்டல்கள் வெளிநாட்டவருக்கு டாலரில்தான் விலை சொல்கின்றன. அறைக் கட்டணத்தில் அந்தச் சரிவால் நமக்கு ஒரு காசும் மிச்சமாகவில்லை. நம் ரூபாயும் டாலருக்கு எதிராக இறங்கியிருந்ததால், சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று. மலிவானவை ஓட்டலுக்கு வெளியே இருந்தன: சாப்பாடு, இரயில், கடைத்தெரு. ஆகவே அப்படிப்பட்ட நேரத்தில் ஓட்டலில் தங்கி, காலை உணவை அங்கே முடித்துக்கொண்டு, மற்ற இரண்டு வேளையையும் வெளியே வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வேளையும் அறையோடு சேர்த்து வாங்குவது மலிவான காலத்தில் விலை உயர்ந்த சாப்பாட்டைத் தேடிப் போவதாகும்.

சலுகையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முன்பதிவுத் தளங்கள் ஓட்டல்களிடம் வாங்கும் கமிஷன் பெரும்பாலும் 15 சதவீதத்துக்குக் குறையாது. அந்தத் தளத்தில் காட்டுவதைவிடக் குறைந்த விலையை வெளிப்படையாகக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. தனியாக எழுதும் மின்னஞ்சலுக்கு அந்தக் கட்டு இல்லை. 2022இல் கொழும்பில் ஓர் ஓட்டலின் முன்பதிவுப் பிரிவுக்கு, தளத்தில் பார்த்த விலையையும் தங்கும் மூன்று இரவுகளையும் குறிப்பிட்டு நாலு வரி எழுதினேன். விலையைக் குறைக்க முடியாது என்று பணிவாகப் பதில் வந்தது. ஆனால் நால்வருக்கும் காலை உணவு, கடலைப் பார்த்த அறை, விமான நிலையத்திலிருந்து கார், மாலை நான்கு மணிவரை அறையை வைத்துக்கொள்ளும் அனுமதி ஆகியவை அதே விலைக்குள் வந்தன. கார் ஒன்றே அங்கே பெரிய தொகை. கடல் பார்த்த அறைக்கு ஏன் சம்மதித்தார்கள் என்பது போன பிறகுதான் புரிந்தது: குளிர்சாதனச் செலவை மிச்சப்படுத்தப் பல மாடிகளை மூடிவிட்டு, வந்த எல்லோரையும் இரண்டு மாடிகளில் வைத்திருந்தார்கள். எனவே இப்படிப்பட்ட காலத்தில் உயர்ந்த வகை அறைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். நல்ல ஓட்டலின் சாதாரண அறையை எடுத்தால் போதும். மேலே இருப்பது பெரும்பாலும் தானாகவே வரும்.

அந்தப் பயணத்தின் இரண்டாம் பகுதியில்தான் சறுக்கினேன். தம்புள்ளைப் பக்கம் ஒரு நல்ல ஓட்டலை, ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு, மலிவாக இருக்கிறதே என்று முன்னதாகவே பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டேன். போய் இறங்கினால் நீச்சல் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை; அடியில் இரண்டு பேர் குந்தியிருந்து ஓடு பதித்துக்கொண்டிருந்தார்கள், ஓரத்தில் சிமென்ட் மூட்டை. ஆள் வராத காலத்தில் பழுது பார்ப்பது அவர்களுக்குச் சரியான முடிவுதான்; அதை எனக்கு முன்கூட்டிச் சொல்லாததே தவறு. மூன்று உணவகங்களில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. மறுநாள் காலை அவ்வளவு பெரிய உணவுக் கூடத்தில் எங்களோடு சேர்த்து ஐந்து மேசைகளில்தான் ஆட்கள். பஃபே கிடையாது, முட்டை எப்படி வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போன இளைஞர் நாற்பது நிமிடம் கழித்து ஒரு தட்டோடு வந்தார். அனுபவம் உள்ளவர்கள் மாலத்தீவுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், தான் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றார். அவர்மேல் கோபப்பட மனம் வரவில்லை. என் மகள் மட்டும் தன் நீச்சல் உடையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலேயே திரும்பினாள்.

அன்றிலிருந்து எந்த ஓட்டலுக்கும் பணம் கட்டுமுன் சில கேள்விகளை எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். நாங்கள் தங்கும் தேதிகளில் குளம் திறந்திருக்குமா, எந்தெந்த உணவகங்கள் இயங்கும், காலை உணவு பஃபேயா தட்டில் வருமா, கட்டட வேலை ஏதும் நடக்கிறதா, மின்வெட்டு வந்தால் அறைக்குள் குளிர்சாதனமும் ஓடுமா விளக்கு மட்டும்தானா என்பவையே அவை. கடைசிக் கேள்வி சிரிப்பாகத் தோன்றலாம். ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்லும் எல்லா இடத்திலும் அது அறையின் ஏசி வரை எட்டுவதில்லை.

விலையை ஒப்பிடும்போது வரியைச் சேர்த்தே ஒப்பிட வேண்டும். இலங்கை ஓட்டல்கள் மின்னஞ்சலில் 150 டாலர் 'பிளஸ் பிளஸ்' என்று எழுதினால் அதன்மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம், 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்பு வரி, 1 சதவீதச் சுற்றுலா மேம்பாட்டு வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வாட் எல்லாம் ஏறும். கையிலிருந்து போவது ஏறக்குறைய 200 டாலர். இதற்குமேல் நம் ஊர்க் கடன் அட்டைகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள். எல்லாம் அடங்கிய தளத்து விலையையும் பிளஸ் பிளஸ் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நேரில் பேசியதில் லாபம் என்று மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

நாடு முழுவதும் ஒரே மாதிரி காலியாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். வெளிநாட்டவர் வராதபோது ஓட்டல்கள் உள்ளூர்க்காரர்களுக்குக் குறைந்த 'ரெசிடென்ட் ரேட்' கொடுத்து வார இறுதியை நிரப்பிக்கொள்கின்றன. மாதந்தோறும் பௌர்ணமி அன்று வரும் போயா விடுமுறை வெள்ளி அல்லது திங்களில் அமைந்தால் நுவரெலியா, பெந்தோட்டை போன்ற இடங்களில் அந்த மூன்று நாளும் சலுகைப் பேச்சே எடுபடாது. போயா அன்று மது விற்பனையும் இல்லை. அது சிலருக்கு முக்கியமாக இருக்கலாம். ஞாயிறு இரவு தொடங்கி வியாழன் வரை தங்குவது மலிவு, அமைதியும்கூட.

பருவமழைக் காலத்து மலிவையும் நெருக்கடிக் காலத்து மலிவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கடற்கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும்; காலி நகரிலும் ஹிக்கடுவையிலும் அப்போது விலை எந்த ஆண்டிலும் குறைவுதான். அதே மாதங்களில் திருகோணமலை, பாசிக்குடா ஆகிய கிழக்குப் பகுதிகளில் கடல் அமைதியாக இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாக் குளத்தைச் சுற்றி யானைகள் கூட்டமாகக் கூடும். நாங்கள் செப்டம்பரில் போனபோது பாசிக்குடாவில் முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்தோம். அவ்வளவு நீண்ட கரையில் எங்களைத் தவிர ஒரு மீனவரும் அவருடைய நாயும் மட்டுமே இருந்தார்கள். வழக்கமான ஆண்டில் அது கூட்டம் கூடும் பருவம். பருவம் சரியாக இருந்தும் ஆள் இல்லாத இடமே நெருக்கடிக் காலத்தில் நாம் தேட வேண்டிய இடம்.

எப்போது போவது என்பது இன்னும் நுட்பமானது. அதிர்ச்சி நடந்த முதல் சில வாரங்களில் போனால் எதுவும் ஒழுங்காக இயங்காது. 2022 ஜூலையில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் மக்கள் புகுந்த நாட்களில், பெட்ரோலுக்கு வண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, அறை இலவசமாகக் கிடைத்திருந்தாலும் கொழும்பிலிருந்து தம்புள்ளைக்குப் போயிருக்க முடியாது. அதே மாதக் கடைசியில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்து வரிசைகள் குறைந்தன. வசதிகள் திரும்பியும் பயணிகள் திரும்பாத அந்த இரண்டு மூன்று மாத இடைவெளிதான் சிறந்த நேரம். அதற்காகக் காத்திருப்பவர்கள், பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தில் முதலில் பதிவு செய்துவிட்டு, பத்து நாள் இருக்கும்போது ஒருமுறையும் ரத்து செய்யும் கெடு முடியும் முந்தைய நாள் ஒருமுறையும் விலையைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் புதிதாகப் பதிந்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம். பயணக் காப்பீட்டை நம்புகிறவர்கள், ஏற்கெனவே ஊரறிந்த கலவரத்துக்கோ நெருக்கடிக்கோ பின்னால் வாங்கிய பாலிசி அந்தக் காரணத்துக்குப் பணம் தருமா என்பதை நிபந்தனைகளில் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. இலங்கை ஓட்டல் ஊழியர்களின் மாத வருமானத்தில் அந்த 10 சதவீதச் சேவைக் கட்டணத்தின் பங்கு பெரியது. அறைகள் காலியாகும்போது முதலில் சுருங்குவது அதுதான். எங்களை எட்டு நாள் ஓட்டிச் சென்ற வேன்காரர் ஹட்டன் பக்கத்துத் தமிழர். ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டிவிட்டு, அந்த வாரம் எத்தனை லிட்டர் மிச்சம் என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருவார். நாளுக்கு இவ்வளவு என்று தொலைபேசியில் பேசியதைவிட ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்வதாக, நான் கேட்காமலேயே, முதல் நாள் காலையில் சொன்னார். மூன்று மாதமாக வண்டி நின்றிருந்ததாம். 'பேசினது பேசினபடியே இருக்கட்டும் அண்ணே' என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை ஏற்றினோம்.