சென்ட்ரலைஸ் என்றால் நடுவில் வைப்பதா?

கேள்வி: 'சென்ட்ரலைஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 'நடுவில் வைத்தல்' என்று பொருள் எழுதலாமா?

பதில்: வேண்டாம். மேசையை அறையின் நடுவில் போடுவதற்கு 'சென்டர்' என்ற வினையே போதும். பல கைகளில் இருந்த அதிகாரத்தை ஓரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் 'சென்ட்ரலைஸ்'.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பேனா, தாள் வாங்க அந்தந்தப் பிரிவுத் தலைவரே கையெழுத்துப் போடுவார். ஒருநாள், கொள்முதல் 'சென்ட்ரலைஸ்ட்' என்று சுற்றறிக்கை வந்தது. அலமாரி இருந்த இடத்திலேயே இருந்தது. கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் தலைமையகத்துக்குப் போய்விட்டது. ஒரு கட்டுத் தாளுக்கு மூன்று வாரம் காத்திருந்தோம். அன்றுதான் இந்தச் சொல் எனக்கு முழுசாகப் புரிந்தது.

'சென்டர்' என்பதன் வேர், கூர்முனையைக் குறிக்கும் 'கென்ட்ரான்' என்ற கிரேக்கச் சொல். கவராயத்தில் ஊன்றிய முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டம் முழுவதும் அந்த முள்ளுக்குக் கட்டுப்பட்டது.

எதிர்ச்சொல் 'டிசென்ட்ரலைஸ்', அதாவது பரவலாக்குதல். எழுத்துக்கூட்டில் இஸட், எஸ் இரண்டுமே சரி. அமெரிக்காவில் இஸட்தான் வழக்கம். தமிழில் பொதுவாக 'மையப்படுத்து' என்பார்கள். அதிகாரத்தைப் பற்றிய பேச்சு என்றால் நான் 'ஓரிடத்தில் குவி' என்றே எழுதுவேன்.