‘நன்றி: இணையம்’ என்று போட்டால் போதுமா? – பதிப்புரிமைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல், நன்றி போட்டுவிட்டுப் பிறர் படைப்பை வெளியிடலாமா என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதிப்புரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். இருந்தும், எந்த நாட்டில் இருக்கிறீர்கள், படைப்பு எங்கே வெளியானது என்ற இரண்டையும் சொல்லாமலேதான் பலரும் கேட்கிறீர்கள். அத்தகைய கேள்விகளுக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான பதிலைத்தான் தர முடியும்.

கேள்வி: என் நாவலைப் பதிப்புரிமை அலுவலகத்தில் இன்னும் பதிவு செய்யவில்லை. கையெழுத்துப் பிரதியைப் பதிவுத் தபாலில் எனக்கே அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அதுவே பாதுகாப்பு என்கிறார்களே?

பதில்: எழுத்தில் பதிந்த கணத்திலேயே பாதுகாப்பு வந்துவிட்டது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமாக 1886-இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கை 1908-இல் திருத்தப்பட்டபோதே, பதிவு, அறிவிப்பு, முத்திரை போன்ற எந்தச் சம்பிரதாயமும் உரிமைக்கு நிபந்தனையாக இருக்கக் கூடாது என்று முடிவாகிவிட்டது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். பதிப்புரிமைக் குறியாக வட்டத்துக்குள் ‘சி’ போடுவதும் கட்டாயமில்லை. போட்டால் கெடுதலும் இல்லை. பதிவு உரிமையைத் தருவதில்லை, தகராறு வந்தால் சான்றாக உதவுகிறது. அமெரிக்காவில் அந்நாட்டுப் படைப்புக்காக வழக்குத் தொடுப்பதற்கு முன் பதிவு தேவைப்படுகிறது என்பதை மட்டும் அங்குள்ளோர் நினைவில் கொள்ளவும். தபால் உறை வித்தைக்கு நீதிமன்றத்தில் பெரிய மதிப்பில்லை, ஏனெனில் ஒட்டாத உறையைத் தனக்கே அனுப்பி வைத்துக்கொண்டு, பிற்பாடு வேண்டியதை உள்ளே செருகி ஒட்டிவிட யாராலும் முடியும். அதைவிட உங்கள் வரைவுகளையும், நண்பர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வைத்திருப்பது பயன் தரும்.

கேள்வி: ஒரு தயாரிப்பாளரிடம் நான் நேரில் சொன்ன கதைக்கருவை வைத்து அவர் வேறொருவரைக் கொண்டு படம் எடுத்துவிட்டார். வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: கருவுக்கு உரிமையாளர் கிடையாது, அந்தக் கருவை நீங்கள் எப்படிக் காட்சிகளாகவும் பாத்திரங்களாகவும் உரையாடலாகவும் விரித்தீர்களோ, அந்த வடிவத்துக்குத்தான் உரிமை உண்டு. ஒரு நாடகத்தைத் திருடிப் படமாக்கினார்கள் என்ற புகாரை 1978-இல் விசாரித்த இந்திய உச்ச நீதிமன்றம், கருத்துக்கும் கதைக்கருவுக்கும் வரலாற்று நிகழ்வுக்கும் பதிப்புரிமை இல்லை என்று தெளிவாக்கியது. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல்தான் என்ற எண்ணம் ஐயமின்றி எழுகிறதா என்பதையே அது அளவுகோலாகவும் வைத்தது. அந்த வழக்கில் தோற்றவர் நாடக ஆசிரியர். வாயால் சொன்னதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொல்லியிருந்தால் நம்பிக்கை மீறல் என்ற வேறொரு வழி சில நாடுகளில் திறக்கலாம். அதற்கும் எழுத்து வேண்டும். அடுத்த முறை கதைச் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பிறகு பேசப் போங்கள்.

கேள்வி: என் சிறுகதையின் தலைப்பையே இன்னொருவர் தன் நூலுக்கு வைத்துவிட்டார். இது மீறலா?

பதில்: இல்லை. தலைப்பும் பெயரும் குறுந்தொடரும் பொதுவாகப் பதிப்புரிமைக்குள் வருவதில்லை. பெயரை வணிகச் சின்னமாகக் காப்பது வேறு சட்டம்.

கேள்வி: பத்து சதவீதத்துக்குள் எடுத்தால் தவறில்லை, பாட்டு என்றால் முப்பது விநாடி வரை போடலாம் என்பது சட்டத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது?

பதில்: எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொது விதியாக எந்தப் பிரிவிலும் இல்லை. இந்தப் பத்தும் முப்பதும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் சொல்பவருக்கே தெரியாது. சட்டம் அளவை மட்டும் பார்ப்பதில்லை. எதற்காக எடுத்தீர்கள், எடுத்தது படைப்பின் உயிர்ப் பகுதியா, அதனால் மூலத்தின் விற்பனை பாதிக்கப்படுமா என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் சொற்கள் கொண்ட, அச்சேறாத ஒரு நினைவுக் குறிப்பிலிருந்து ஓர் இதழ் எடுத்தது சுமார் முந்நூறு சொற்கள்தான். ஆனால் அந்நூலை மக்கள் எதற்காக வாங்குவார்களோ அந்தப் பகுதியாகவே அது இருந்ததால் மீறல் என்றே தீர்ப்பாயிற்று. 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஆசிரியரின் சொந்தப் படைப்பாற்றல் தெரியுமானால் பதினொரு சொற்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. மறுபுறம், ஒரு நூலை விமர்சிக்கத் தேவையான அளவு மேற்கோள் காட்டுவதற்கு, ஆசிரியரையும் நூலையும் குறிப்பிட்டால், பெர்ன் உடன்படிக்கையே இடம் தருகிறது. ஆகவே சதவீதக் கணக்கை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் ஓர் இலக்கியத் தளம் நடத்துகிறேன். வாட்ஸ்அப்பில் வரும் நல்ல கவிதைகளையும் கட்டுரைகளையும் ‘படித்ததில் பிடித்தது’ என்ற பகுதியிலும், படங்களை ‘நன்றி: இணையம்’ என்ற குறிப்போடும் வெளியிடுகிறேன். விளம்பரம் இல்லை, இலாபமும் இல்லை. அண்மையில் ஒரு கவிஞர் என்னிடம் கோபித்துக்கொண்டார். நன்றி சொன்ன பிறகும் இது எப்படிக் குற்றமாகும்?

பதில்: கடிதக் கட்டில் பெரும்பகுதி இந்தக் கேள்விதான் என்று தொடக்கத்தில் சொன்னேன். கவிஞர் கோபித்துக்கொண்டதோடு விட்டாரே என்று நீங்கள்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இணையம் என்பது ஆள் அல்ல. அது ஒரு வரியும் எழுதியதில்லை, ஒரு படமும் எடுத்ததில்லை. ‘படம்: கூகுள்’ என்று போடுவது, நூலகத்தில் எடுத்த நூலுக்கு அலமாரியை ஆசிரியராகக் குறிப்பிடுவது போன்றது. தேடுபொறி படத்தைச் சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவுதான், எடுத்தவர் வேறொருவர். அவருடைய பெயர் அந்தப் படத்தின் மூலையிலேயே சிறு எழுத்தில் இருந்திருக்கவும் கூடும், யாரோ அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் பகிர்ந்திருக்கவும் கூடும். வாட்ஸ்அப் கவிதைக்கு நேர்வதும் இதுவே: முதலில் அனுப்புபவர் கடைசி வரியில் இருந்த ஆசிரியர் பெயரை நகலெடுக்காமல் விடுகிறார், இரண்டாமவர் வரிகளை உடைத்துப் பூப்படம் சேர்க்கிறார், மூன்றாமவர் நடுவில் ஒரு சொல்லை ‘மேம்படுத்துகிறார்’, நான்காவதாக அது புகழ்பெற்ற ஒருவரின் பெயரில் உலவத் தொடங்குகிறது. ஐந்தாவதாக உங்கள் தளத்துக்கு வருகிறது. எழுதியவர் தன் கவிதையைத் தானே வெளியிட்டால், அவரைத் திருடர் என்று நாலு பேர் பின்னூட்டம் இடுகிறார்கள். பல ஆண்டுகளாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கே மீறப்படுபவை இரண்டு தனித்தனி உரிமைகள். படியெடுக்கவும் பொதுமக்களுக்கு வழங்கவும் உள்ள பொருளாதார உரிமை ஒன்று. படைப்பாளராகத் தன் பெயர் குறிக்கப்படவும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பு சிதைக்கப்படாமல் இருக்கவும் உள்ள தார்மீக உரிமை மற்றொன்று. பின்னது 1928 முதல் பெர்ன் உடன்படிக்கையில் இருக்கிறது. பெயரைப் போட்டால் இரண்டாவதை மதித்தவர் ஆவீர்கள். முதலாவது அப்படியே நிற்கிறது, அதற்கு அனுமதி வேண்டும். இலாபம் இல்லை என்பது இழப்பீட்டின் அளவைக் குறைக்க உதவலாம், சில இடங்களில் நியாயமான பயன்பாடு (அனுமதியின்றியே ஓரளவு எடுத்தாளச் சட்டம் தரும் இடம்) என்ற வாதத்துக்குச் சற்று வலுவும் சேர்க்கலாம். முழுக் கவிதையையும் எடுத்துப் போட்டவரை அது காப்பாற்றாது. ‘உரிமையாளர் ஆட்சேபித்தால் நீக்கிவிடுகிறோம்’ என்ற அறிவிப்பும் அப்படியே: முன்கூட்டியே ஒப்புதல் வாக்குமூலம் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதைத் தவிர அதற்குப் பொருள் இல்லை. ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்பதும் விலக்கு ஆகாது. பெயரின்றி வெளியான படைப்புக்கும் வெளியான நாளிலிருந்து குறைந்தது 50 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு.

செய்ய வேண்டியது எளிது. எழுதியவரைத் தேடி இரண்டு வரியில் அனுமதி கேளுங்கள். பெரும்பாலான கவிஞர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லையானால் மூலப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் வெளியிடாமல் இருங்கள்.

கேள்வி: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள படத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் அல்லவா?

பதில்: எந்த உரிமம்? படைப்பாளரே சில நிபந்தனைகளோடு எல்லாருக்கும் முன்கூட்டியே அனுமதி தந்துவிடும் பொது உரிமம் அது. அதில் பல வகைகள் உள்ளன: வணிகத்துக்கு ஆகாது என்பதும், மாற்றக் கூடாது என்பதும், மாற்றினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பதும் தனித்தனி நிபந்தனைகள். முழுவதும் பொதுவில் விட்டுவிடும் வகை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் படைப்பாளரின் பெயரைக் குறிப்பிட்டாக வேண்டும்.

கேள்வி: பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படம் எனக்குச் சொந்தமா, எடுத்தவருக்கா? என் நூலுக்கு அட்டை வரைந்தவரும் இதே தகராறு செய்கிறார்.

பதில்: எந்த நாடு என்று நீங்கள் எழுதாததன் விளைவைப் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, இந்தியச் சட்டத்தில் பணம் கொடுத்து எடுக்கவைத்தவரே புகைப்படத்தின் முதல் உரிமையாளர்; அமெரிக்காவில் வெளியாளாக வந்து எடுத்த புகைப்படக்காரரே உரிமையாளர். ஒரே படம், இரண்டு விடை. ஓவியருடன் எழுத்தில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதுதான் எங்கும் முதலில் கேட்கப்படும். ஒன்றுமே எழுதவில்லையானால், அட்டைக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்; சுவரொட்டிக்கும் மறுபதிப்புக்கும் நீங்களாக நீட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஓர் எழுத்தாளர் இறந்து நாற்பது ஆண்டு ஆகிவிட்டது. அவருடைய நூலை அச்சிடலாமா?

பதில்: கூடாது. பெர்ன் உடன்படிக்கை விதிக்கும் குறைந்தபட்சமே வாழ்நாளும் இறப்புக்குப் பின் 50 ஆண்டுகளும். இந்தியாவில் அது 60. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இலங்கையிலும் 70. இறந்த நாளிலிருந்து எண்ணாமல், இறந்த ஆண்டை அடுத்து வரும் சனவரி 1 முதல் எண்ண வேண்டும். இன்னொன்று: சங்கப் பாடலுக்கு உரிமையாளர் இல்லை, ஆனால் அதற்கு அண்மையில் ஒருவர் எழுதிய உரைக்கு உண்டு. பழைய நூல்தானே என்று புதிய பதிப்பின் முன்னுரையையும் குறிப்புகளையும் சேர்த்து நகலெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

கேள்வி: ஒரு வெளிநாட்டு நாவலை முழுவதும் மொழிபெயர்த்துவிட்டேன். ஆசிரியர் உயிரோடு இருக்கிறார். இப்போது அனுமதி கேட்டால் போதுமா?

பதில்: உங்கள் மேசையில் இருக்கும்வரை பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் வெளியிடுவதற்கான மொழிபெயர்ப்பு உரிமையை அவருடைய பதிப்பாளரோ முகவரோ ஏற்கெனவே வேறொருவருக்கு விற்றிருக்கலாம். அப்படியானால் உங்கள் உழைப்பு மேசையிலேயே இருக்க வேண்டியதுதான். முதல் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். அனுமதி கிடைத்தால், உங்கள் மொழிபெயர்ப்புக்கு உங்களுக்கெனத் தனி உரிமை உண்டு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பதிப்பாளருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டேன். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லை. இனி என் நூல் என் கைக்கு வராதா?

பதில்: இந்தியச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால் வரும்: உரிமை மாற்று ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். கையெழுத்திடும் முன் காலம், எல்லை, மொழி, மின்னூல், ஒலிநூல் ஆகிய ஐந்தையும் தனித்தனி வரியில் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த கதைக்கு நான் உரிமை கொண்டாடலாமா?

பதில்: அமெரிக்காவில் மனிதர் படைத்ததற்கே பதிப்புரிமை, 2025-இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதற்கான ஏற்பாட்டைச் செய்தவரை ஆசிரியராகக் கொள்ளும் பிரிவு பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. நீங்களே திருத்தி எழுதிய பகுதிக்கு உரிமை கோர வாய்ப்பு அதிகம்; ஆகவே வரைவுகளை, மறுபடியும் சொல்கிறேன், அழிக்காதீர்கள்.

கேள்வி: என் கட்டுரையைத் திருடிவிட்டார்கள். உடனே என்ன செய்வது?

பதில்: எங்கே, யார், எப்போது என்று எதுவும் இல்லாத ஒற்றை வரிக் கடிதம். பொதுவாகச் சொல்கிறேன். சண்டை தொடங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள், ஏனெனில் நீங்கள் கேட்ட மறுகணம் அது மறைந்துவிடும். அடுத்து, உங்கள் கட்டுரை முதலில் வெளியான இணைப்போடு தள நடத்துநருக்கு எழுதுங்கள். பதில் இல்லையானால், அத்தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். அமெரிக்க நிறுவனங்கள் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதற்கென்றே படிவம் வைத்திருக்கின்றன. கட்டுரை உண்மையிலேயே உங்களுடையதா, பதிப்பாளருக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்பதைப் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். தெரிந்தே பொய்க் கோரிக்கை அனுப்பியவர் இழப்பீடு தர வேண்டி வரும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.