அம்மாவுடன் ஒரு சின்னக் காட்டு நடை

அன்புள்ள சார்,

செங்காங்கிலிருந்து எழுதுகிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு மதுரையிலிருந்து அம்மா வருகிறார். வயது 67. தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்தான். ஆனால் படி இறங்கினால் வலது முட்டி வலிக்கும். கடைத்தெருவும் மெரினா பே விளக்குகளும் போன தடவையே காட்டியாகிவிட்டது. இந்த முறை சிங்கப்பூரில் காடும் இருக்கிறது என்று காட்ட ஆசை. ஆறு வயது மகன் மெக்ரிட்சி தொங்குபாலத்தைப் படத்தில் பார்த்துவிட்டு அங்கேதான் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். என் கணவர் புக்கிட் தீமா மலை என்கிறார். எங்கே போகலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், என்ன எடுத்துப்போக வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தொங்குபாலத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். மகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான், பரவாயில்லை. படத்தில் தெரிவது 250 மீட்டர் நீளமுள்ள பாலம் மட்டும்தான். 2004இல் திறந்தார்கள். உச்சத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம், மர உச்சிகளுக்கு நடுவே நடப்பது அருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 250 மீட்டரை நடக்க, மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவில் தொடங்கினால் போக வர 10 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். வீனஸ் டிரைவ் பக்கமாக நுழைந்தாலும் ஏறக்குறைய 7. அதைவிடப் பெரிய சிக்கல், பாலம் ஒருவழிப்பாதை. நடுவில் அம்மா "போதும்டி, திரும்பிடலாம்" என்றால் திரும்ப வழியில்லை. தாண்டிய பிறகு காத்திருப்பது படிக்கட்டு.

புக்கிட் தீமாவும் அப்படித்தான். 163 மீட்டர்தான் உயரம் என்று கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். உச்சி வரை தார்ச்சாலையே இருக்கிறது. ஆனால் சாலை செங்குத்து. ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், முட்டிவலிக்காரருக்கு வேதனை இறங்கும்போதுதான் ஆரம்பிக்கும். அப்போது பாதிவழியில் விட்டுவிட்டு வர முடியாது.

எவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்கள். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும்போது, எந்த இடத்தில் வேண்டுமானாலும் திரும்பிவிட முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அப்படிப்பட்ட பாதை அதே மெக்ரிட்சியில் இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டி, காட்டுக்குள் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். செம்பெராய், புரூனஸ் என்ற பெயர்களில் வழிகாட்டிப் பலகைகள் இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரங்கள், பெரிய ஏற்றம் கிடையாது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் ஆனதும், எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்பிவிடுங்கள். ஆறு வயதுப் பையன் ஒவ்வொரு பூச்சிக்கும் நிற்பான் என்பதால் போக வர மூன்று கிலோமீட்டர் தேறினால் அதிகம். அது போதும்.

மேரிமவுண்ட் ஸ்டேஷனிலிருந்தும் கால்டிகாட் ஸ்டேஷனிலிருந்தும் பூங்கா வாசலுக்கு வருவதே ஒரு நடை. அந்தத் தெம்பை வெயிலில் செலவழிக்காமல் வாசல் வரைக்கும் டாக்ஸியில் போய்விடுங்கள். கழிவறையும் சாப்பாட்டுக் கடையும் வாசல் பக்கத்திலேயே இருக்கின்றன. இதை அம்மாவிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். நம் வீட்டுப் பெண்கள் வெளியே கிளம்பினாலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், போகிற இடத்தில் வசதி இருக்குமோ இருக்காதோ என்று. இந்தப் புழுக்கத்தில் அது ஆபத்து. திரும்பி வருவதும் அதே வாசலுக்குத்தான் என்று தெரிந்தால் தைரியமாகக் குடிப்பார்.

நேரம் காலை எட்டு மணி. அம்மா மதுரைப் பழக்கத்தில் ஐந்துக்கே எழுந்து "கிளம்பலாமா" என்பார். இங்கே ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது, அதற்கு முன்னால் காட்டுக்குள் போய்ப் பயனில்லை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வேறு. சில நாள் விடாமல் கொட்டும். வானிலை ஆய்வகத்தின் இரண்டு மணி நேர முன்னறிவிப்பைக் கிளம்புமுன் பாருங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் உடனே கட்டடத்தைப் பார்த்து நடையைக் கட்டுங்கள். மின்னல் அதிகம் விழும் ஊர் இது. மழை பெய்த பலகையில் ரப்பர் செருப்பு வழுக்கும். பின்வார் வைத்த செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போடச் சொல்லுங்கள். புடவைதான் வேண்டும் என்றால் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் சரி.

குரங்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அழகர்கோயிலுக்குப் போய்வரும் குடும்பத்தில் குரங்கைப் பார்த்தால் கை தன்னால் வாழைப்பழத்தைத் தேடும். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது. இங்கே காட்டு விலங்குக்குத் தீனி கொடுப்பது குற்றம். முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். மெக்ரிட்சியில் இருப்பவை நீண்டவால் குரங்குகள். பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். ஆகவே கையில் பை வேண்டாம். தண்ணீர், துண்டு, கொசு மருந்து எல்லாவற்றையும் ஜிப் போட்ட முதுகுப்பையில் வையுங்கள். முறுக்கு, பிஸ்கட் எல்லாம் நடந்து முடித்த பிறகு, கடைப் பக்கம் உட்கார்ந்து. மகனிடம் குரங்கை உற்றுப் பார்த்துப் பல்லைக் காட்டக் கூடாது என்று சொல்லிவையுங்கள். பாலத்தை இழந்த பிள்ளைக்கு உடும்பு ஈடுகட்டும். கரையோரம் நிதானமாகப் பார்த்தால் அனேகமாக ஒன்றாவது கண்ணில் படும். மேலே வாலில் இரண்டு துடுப்பைத் தொங்கவிட்டபடி கறுப்புப் பறவை பறந்தால், அது துடுப்புவால் கரிச்சான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருப்பதுதான், அம்மாவிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு நிலவிலை உள்ள ஊரில் காட்டை எப்படி விட்டுவைத்தார்கள் என்று அம்மா கேட்கலாம். தண்ணீருக்காகத்தான். கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடி), மிளகுத் தோட்டங்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் தீவின் காடுகளைப் பெருமளவு வெட்டித் தீர்த்தார்கள். இந்த நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிந்தது. மழைநீர் வந்து சேர வேண்டும் என்பதற்காகச் சுற்றியிருந்த நிலத்தைக் காத்தார்கள், காடு தப்பித்தது. தோட்டம் போட்டுக் கைவிட்ட இடங்களில் பிறகு தானாக வளர்ந்த காடும் இதில் நிறைய உண்டு.

அன்றைக்கு அம்மாவின் முட்டி ஒத்துழைக்கவில்லையா, பூமலைக்குப் போங்கள். 1859இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, உள்ளே ஆறு ஹெக்டேரில் இயற்கையான மழைக்காடே இருக்கிறது, ஸ்டேஷன் வாசலிலேயே பூங்கா. மாறாக, நன்றாக நடந்து "இன்னொரு நாள் போகலாமா" என்று அவரே கேட்டால், ஹார்ட் பார்க் என்ற பூங்காவில் தொடங்கி ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்குப் போகலாம். இடையில் மரங்களுக்கு மேலாகப் போகும் 1.3 கிலோமீட்டர் நடைபாதை வரும், சரிவு மெதுவாக இருக்கும். ஹெண்டர்சன் பாலம் சாலைக்கு 36 மீட்டர் மேலே நிற்கிறது. உங்கள் மகனுடைய பாலக் கணக்கும் அதில் தீர்ந்துவிடும். தாண்டி மவுண்ட் ஃபேபர் குன்றுக்கு வந்துவிட்டால் டாக்ஸி மேலேயே வரும். ஹார்பர்ஃபிரண்டில் எம்ஆர்டி ரயில் ஏறினால் லிட்டில் இந்தியாவில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதே பாதையில் நேராகச் செங்காங்.

புக்கிட் தீமாவுக்கு நீங்களும் கணவரும் மட்டும் ஒரு நாள் போய்வாருங்கள். பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் அம்மா இருக்கிறாரே.