எட்டுக் கம்பிச் சன்னல்

அன்புள்ள ஐயா,

நான் 1987-இல் பிறந்தவன். நான் பிறந்த ஆண்டில் ஒளிபரப்பான தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளைச் சில மாதங்களாக இணையத்தில் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். ராமாயணம், மகாபாரதம், மால்குடி டேஸ், ஒளியும் ஒலியும் என்று அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். அவர் சென்ற ஆண்டு காலமானார். ஊரே ஒரு வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த அந்தக் காலம் இனி வராது என்று நினைக்கும்போது கண் கலங்குகிறது. இன்றைய தொடர்கள் எல்லாம் குப்பை. என் ஏழு வயது மகளுக்கு இவற்றில் எதை முதலில் காட்டலாம்?

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

தந்தையை இழந்த துயரில் எழுதப்பட்ட கடிதம் என்பதால் இரண்டு முறை படித்தேன். இன்னொரு காரணமும் உண்டு. சென்ற மாதம் சொந்த ஊருக்குப் போயிருந்தபோது, நான் முதன்முதலில் தொலைக்காட்சி பார்த்த வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். பெயர்த்தெடுத்த சன்னல் ஒன்று தெருவில் கிடந்தது. அதில் எட்டுக் கம்பிகள் இருந்தன. எண்ணிப் பார்க்கத் தேவையில்லாமலேயே எனக்கு அது தெரியும். அன்றிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததை உங்கள் கடிதம் வெளியே இழுத்துவிட்டது.

முதலில் ஒரு சிறு கணக்கு. ராமாயணம் 1987 ஜனவரி 25-ஆம் தேதி தொடங்கியது. மால்குடி டேஸும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் மகாபாரதம் தொடங்கியது 1988 அக்டோபர் 2-ஆம் தேதி. அது நீங்கள் பிறந்த ஆண்டின் தொடர் அல்ல. ஒளியும் ஒலியும் சென்னை நிலையத்தின் நிகழ்ச்சி. கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் எழும்வரை நம் பக்கத்து ஊர்களுக்குச் சென்னை எட்டவில்லை. எங்கள் கரையோரத்தில் தில்லியும், உயரமான ஆண்டெனா நட்டவர்களுக்கு இலங்கையின் ரூபவாகினியும்தான் தெரிந்தன. இன்றைய தொடர்கள் குப்பை என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அன்றும் குப்பை இருந்தது. யாரும் அதைச் சேமித்து வைக்காததால் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பிறந்த ஆண்டின் மீது ஒருவருக்கு ஏக்கம் வருவது விந்தையானது. அந்த ஆண்டில் உங்களுக்குத் தாலாட்டைத் தவிர வேறு எதுவும் காதில் விழுந்திருக்காது. உங்களுக்கென்று உண்மையான ஏக்கம் ஒன்று இருக்குமானால் அது 1997-இல், பத்து வயதில், சக்திமானைப் போலச் சுற்றித் தலைகிறுகிறுத்து விழுந்ததைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, தந்தையின் ஏக்கத்தை எடுத்துப் போர்த்திக்கொள்கிறீர்கள். சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாதான் அந்த மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்தவர் என்பதாவது உங்கள் வெட்கத்தைக் கொஞ்சம் குறைக்கட்டும். தந்தையைத் தேடித்தான் அந்தத் தொடர்களுக்குள் போகிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் அடுத்ததைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஊரே ஒரு வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த அந்தக் காலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை எத்தனை கட்டுரைகளில், எத்தனை மேடைகளில் கேட்டுவிட்டேன்! ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. எந்த ஊர், எந்த வீடு, யார் உட்கார்ந்தார்கள்?

எங்கள் ஊரில் அப்போது இருந்தது ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. மரக்கதவுகள் வைத்த கறுப்பு வெள்ளை சாலிடேர், ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டில் இருந்தது. ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ராமாயணம். கூடத்தில் விரித்த ஜமுக்காளத்தில் வீட்டாரும் உறவினரும் உட்கார்ந்திருப்பார்கள். திண்ணையில், கதவு வழியாகப் பார்ப்பதற்கு, அதே தெருக்காரர்கள். தெற்குத் தெருவிலிருந்து வரும் நாங்கள் வீட்டின் பக்கவாட்டில், சன்னலுக்கு வெளியே நிற்போம். அப்படித்தான் நிற்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. எனக்குப் பதினான்கு வயது, என் தம்பிக்கு எட்டு. மூன்று செங்கல்லை அடுக்கி அவனை ஏற்றிவிட்டு, அவன் விழாமலிருக்க நான் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். கம்பிகளுக்கிடையே ராமனும் சீதையும் எப்போதும் சிறையில் இருப்பதுபோலவே தெரிவார்கள். வெளியே சத்தம் அதிகமானால் சன்னலைச் சாத்திவிடுவார்கள். கடலில் அணை கட்டிய வாரம் அப்படித்தான் சாத்தினார்கள். சேதுபந்தனத்தை நாங்கள் காதால் மட்டுமே கேட்டோம். "ஒன்றாக" என்ற அந்தச் சொல்லை எழுதும்போது, சன்னலுக்கு எந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு செய்தி எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. முந்தைய ஆண்டான 1986-இன் இறுதியில்தான் இந்தி எதிர்ப்பு மீண்டும் மூண்டிருந்தது. அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்தியதற்காகத் தி.மு.க.வின் பத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் பதவியிழந்திருந்தார்கள். அதே மாநிலம் ஒரு சில வாரங்களில் ஞாயிறுதோறும் இந்தி ராமாயணத்தின் முன் வாய்பிளந்து உட்கார்ந்தது. எங்கள் ஊரில் கூடத்திலிருந்தவர்களுக்கும் இந்தி தெரியாது, திண்ணையிலிருந்தவர்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே மனிதர் எங்களோடு சன்னலுக்கு வெளியே நின்றார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தெற்குத் தெருவுக்குத் திரும்பியிருந்த அவர், ஒவ்வொரு காட்சிக்கும் எங்களுக்குத் தமிழில் பொருள் சொல்வார். சில வாரங்களில், "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்" என்று கூடத்திலிருந்து குரல் வரத் தொடங்கியது.

அவர் சொன்னது மொழிபெயர்ப்பு அல்ல என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. ராமானந்த சாகர் எடுத்த இந்தத் தொடர் பெரும்பாலும் வடக்கே ராமகதை பாடிய துளசிதாசரின் வழியில் செல்வது. எங்கள் பட்டாளத்துக்காரரோ தோல்பாவைக் கூத்திலும் மேடைப் பேச்சுகளிலும் கம்பனைக் கேட்டு வளர்ந்தவர். இலக்குவன் கிழித்த கோட்டைத் தாண்டி வரும் சீதையை ராவணன் கைப்பற்றி இழுத்துச் செல்லும் காட்சியில் எல்லோரும் பதறியபோது அவர் அசையவில்லை. "தொடவில்லை. அப்படிக் காட்டுகிறார்கள். உள்ளபடிக்கு அவன் குடிசையோடு மண்ணையும் சேர்த்துப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனான்" என்றார். கண்ணெதிரே நடப்பதை மறுத்துச் சொன்ன அவரை நாங்கள் நம்பினோம், கூடத்திலிருந்தவர்களும் நம்பினார்கள். தில்லியிலிருந்து வந்த ராமாயணத்தை ஒரு மனிதர் சன்னலுக்கு வெளியே நின்றபடி திருத்திக்கொண்டிருந்தார்.

இது இனிமையாக முடிந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய விளக்கம் இல்லாமல் பார்க்க முடியாது என்று ஆனதும், அவருக்குத் திண்ணையில் ஒரு முக்காலி போட்டார்கள். அவரும் போய் உட்கார்ந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. நின்று நின்று கால் வலித்திருக்கும். ஆனால் சன்னலுக்கு அவர் குரல் சரியாக எட்டவில்லை. யுத்த காண்டத்தின் பெரும்பகுதியை நாங்கள் படத்தைப் பார்த்து நாங்களாகவே ஊகித்துக்கொண்டோம்.

2020 மார்ச் இறுதியில், ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அந்தத் தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. என் வீட்டில், என் நாற்காலியில், முன்னே ஒரு கம்பியும் இல்லாமல் பார்த்தேன். சீதை கவரப்படும் பகுதி வந்தபோது, உண்மையாகவே, மண் பெயர்ந்து எழும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். எழவில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடியில் நின்றேன். செங்கல்லின் மேல் நின்ற என் தம்பி இன்று இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். மகளுக்கு முதலில் மால்குடி டேஸைக் காட்டுங்கள். சங்கர் நாக் அதைக் கர்நாடகத்து அகும்பேயில் படமாக்கினார், ஆர். கே. லட்சுமணின் ஓவியங்களும் எல். வைத்தியநாதனின் இசையும் அதில் உண்டு. சுவாமி என்ற சிறுவனாக நடித்த மஞ்சுநாத்தை ஏழு வயதுக் குழந்தைக்குப் பிடிக்காமல் போகாது. சக்திமானையும் காட்டுங்கள், அதில் வரும் கிராபிக்ஸைப் பார்த்து அவள் சிரித்தால் நீங்களும் சிரிக்கலாம்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்கள் தந்தை 1987-இல் அந்தத் தொடரை எந்த வீட்டில் பார்த்தார், கூடத்திலா, திண்ணையிலா, சன்னலுக்கு வெளியிலா என்று உங்கள் தாயாரிடம் கேட்டு எழுதுங்கள்.