கையில் பி.பி. பார்த்த பிறகு காலிலும் எதற்குப் பார்க்கிறார்கள்? தேவைதானா, இல்லை பணம் பிடுங்கவா?

பணம் பிடுங்க என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் சும்மா போக மனம் வரவில்லை. உங்கள் வீட்டிலும் பெரியவர் யாருக்கோ கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, சர்க்கரையோ பீடியோ இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அப்படித்தானே? பிடுங்குவதற்கு வேறு எத்தனையோ டெஸ்ட் இருக்கிறது. கால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் இந்த ஏ.பி.ஐ. (ABI) டெஸ்டில் ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது, மருந்து ஏற்றுவதும் கிடையாது.

எங்கள் அப்பா செங்கோட்டையில் மரக்கடையில் லோடு ஏற்றி இறக்கியவர். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி பத்தாது. பஸ் ஸ்டாண்ட் போவதற்குள் இடது கெண்டைக்கால் இறுகிவிடும். உட்காரக்கூட வேண்டாம், சும்மா நின்றாலே விட்டுவிடும், திரும்ப அதே தூரம் நடந்தால் திரும்பவும் பிடிக்கும். இதைப் போன இடத்திலெல்லாம் சொன்னார். ஒருத்தர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார், இன்னொருத்தர் முதுகுத்தண்டு என்று எக்ஸ்ரே எடுத்தார் (முதுகுத்தண்டு வலி பெரும்பாலும் உட்கார்ந்தாலோ குனிந்தாலோதான் விடும்). தைலச் செலவு தனி. வைத்தியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், மூட்டு வலிக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தத் தைலம்தான். ஆனால் பாதத்தைத் தொட்டு நாடித்துடிப்பு பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் கேரளாவில் புனலூர் தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புளியரை எஸ் வளைவில் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, கார் நகர வழியில்லை. நம் மலையை உடைத்து அந்தப் பக்கம் வீடு கட்டுகிறார்கள், நாம் ஆஸ்பத்திரிக்குப் போக வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கேட்டால் பர்மிட் இருக்கிறது என்பார்கள். சரி, அது வேறு கதை.

அங்கே அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, கொஞ்ச நேரம் பேசாமல் கிடக்கச் சொன்னார்கள். அப்புறம் இரண்டு கையிலும், இரண்டு கணுக்காலுக்கு மேலும் பட்டை கட்டிக் காற்றடித்தார்கள். ஸ்டெதஸ்கோப் இல்லை, ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கிற, பேனா அளவில் ஒரு டாப்ளர் கருவி. புறங்காலில் ஜெல் தடவி அதை வைத்ததும் வலது காலில் 'ஷூக் ஷூக்' என்று அறை முழுக்கக் கேட்டது. இடது காலில் அந்த மலையாளப் பெண் கருவியைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினார், "அச்சா, அனங்கல்லே" (அப்பா, அசையாதீர்கள்) என்று இரண்டு தடவை அதட்டினார், கடைசியில் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் உள்பக்கமாக மெலிசாக ஒரு சத்தம் கிடைத்தது.

கணக்கு சின்னதுதான். ஒவ்வொரு காலிலும் அந்த இரண்டு இடங்களில் எது அதிகமோ அதை, இரண்டு கைகளில் எது அதிகமோ அதால் வகுக்கிறார்கள், பி.பி.யின் மேல் அளவை மட்டும். அப்பாவுக்குக் கையில் 150. வலது காலில் 144, அதாவது 0.96. இடது காலில் 93, அதாவது 0.62. படுத்திருக்கும்போது கால் அழுத்தம் கைக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்க வேண்டும், 1.00 முதல் 1.40 வரை சரி, 0.90-உம் அதற்குக் கீழும் என்றால் கால் தமனியில் அடைப்பு, நடுவில் வருவது எல்லைக்கோடு. காலில் அடைப்பு இருந்தால் இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்று இ.சி.ஜி., எக்கோவும் பார்த்தார்கள். இதைத்தான் நீங்கள் பணம் பிடுங்குவது என்பீர்களோ என்னவோ. பீடியை விட்டாகிவிட்டது, மாத்திரை ஓடுகிறது, வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொன்னார்கள், இப்போது பஸ் ஸ்டாண்ட் வரை நிற்காமல் போகிறார்.

நான் டாக்டர் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரையோ கிட்னிக் கோளாறோ இருந்தால், 1.40-ஐத் தாண்டி எண் வந்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ரத்தக்குழாயில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிப்போனால் பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அது நசுங்காது, எண் பொய்யாக ஏறிவிடும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள். எண் சரியாக இருந்தும் நடக்கும்போது வலி வந்தால், நடக்கவைத்து மறுபடி அளக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டு பி.பி. மெஷினை நாற்காலியில் உட்கார்ந்து காலில் கட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம், கால் தொங்கும்போது அழுத்தம் எப்படியும் கூடத்தான் காட்டும்.